வாசிக்கத் தெரியாத சொல்

திகிற் கதைகளில் எனக்கு என்றுமே நாட்டம் இருந்ததில்லை. ஆயினும், சென்ற விடுமுறைக்கு வீடு சென்றிருந்தபோது, என் தங்கை இரவு வேளைகளிற் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று என்னையும் பிடித்து இருத்திவிட்டது. யாரோ ஒரு வெளிநாட்டு இளைஞன் கணினி விளையாட்டொன்றை நேரலையில் ஆடுகின்றான்; திரையில் தோன்றும் வாசகங்களை ஆங்கிலத்தில் உரத்து வாசிக்கின்றான்; இடையிடையே அஞ்சுகின்றான், சிரிக்கின்றான். ஓரத்திலே பார்வையாளர் எழுதும் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறர் விளையாடுவதைப் பார்ப்பதில் என்ன சுவை என்று கேட்டேன். "அண்ணா, சும்மா இருந்து பாருங்கோ" என்றாள்.

விளையாட்டின் பெயர் 'இப்'. கௌரி என்ற புனைபெயருடைய யப்பானியர் ஒருவர் எளிய மென்பொருளொன்றைக் கொண்டு ஆக்கி, 2012ஆம் ஆண்டு இலவசமாக வெளியிட்டது. படங்களோ மிகச் சிறியவை. குருதியும் கோரமும் அதிகமில்லை. பெற்றோருடன் ஓவியக் கண்காட்சிக்குச் செல்லும் ஒன்பது வயதுச் சிறுமி இப், திடீரெனத் தான் தனித்துவிட்டதை உணர்கிறாள். விளக்குகள் அணைகின்றன, வாயில் திறக்க மறுக்கிறது, ஓவியங்களின் உலகினுள் அவள் இறங்குகிறாள். கையில் ஒரு சிவப்பு ரோசா. அதன் இதழ்களே அவளது உயிர். ஒவ்வொரு காயத்துக்கும் ஓர் இதழ் உதிரும். நீருள்ள பூச்சாடியில் இட்டால் மீண்டும் தளிர்க்கும்.

என்னை நிறுத்தியது ரோசாவன்று, ஓவியங்களின் தலைப்புகள். அவற்றிற் சில சொற்களுக்குப் பதிலாக வினாக்குறிகளே உள்ளன. சிறுமிக்கு அச்சொற்களை வாசிக்கத் தெரியாது! இது யப்பானிய மொழியின் இயல்பிலிருந்து பிறந்த உத்தி. நெடுங்கணக்கைப் பயின்ற தமிழ்ப் பிள்ளை, பொருள் விளங்காத சொல்லையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். யப்பானியப் பிள்ளைக்கு அது இயலாது. பொதுப் பயன்பாட்டுக்கென 2010இல் வகுக்கப்பட்ட பட்டியலில் மட்டும் 2136 கன்ஜி எழுத்துகள் உள்ளன; பயிலாத எழுத்து முன்னே நின்றால் பொருள் மட்டுமன்றி ஒலியும் மூடிக்கொள்ளும். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வினாக்குறிகள் இருக்கின்றன. ஆனால் இருபத்தாறு எழுத்துகள் கற்ற ஆங்கிலப் பிள்ளை அங்கு ஏன் திகைக்க வேண்டும் என்பதற்கு அம்மொழியில் நேரான விடையில்லை. அந்த இடைவெளியே காட்சிக்கு ஒரு விநோதத்தைக் கொடுத்துவிட்டது போலும்.

அத்திகைப்பு எனக்குப் புதியதன்று. ஏறத்தாழ அதே வயதில் அம்மாவுடன் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். அறிவித்தல்கள் யாவும் சிங்களத்தில். வட்ட வட்டமாக நின்ற அந்த அழகிய எழுத்துகளில் ஒன்றையேனும் நாங்கள் அறியோம். முற்பகல் முழுவதும் பிழையான வரிசையில் நின்றோம். அம்மாவின் கை வியர்த்திருந்தது மட்டும் இன்றும் நினைவில் உண்டு. ஈற்றிலே, பின்னால் நின்ற சிங்களப் பெண்மணி ஒருவர் பலகையைக் காட்டி, கொச்சைத் தமிழில் வாசித்துச் சொல்லி, எங்களை அடுத்த யன்னலுக்கு அழைத்துச் சென்றார்.

விளையாட்டிலும் அப்படி ஒருவர் வருகிறார். கெரி என்னும் இளைஞன். அவனுக்கு நீல ரோசா. இப்புக்குத் தெரியாத சொற்களை அவன் வாசித்து விளக்குகிறான். மூல மொழியில் அவன் பெண்கள் பேசும் பாங்கிற் பேசுபவன். ஆங்கிலத்திலே அந்நயம் பெரும்பாலும் மங்கிவிட்டது என்பர். அதனாற் குறை பெரிதென நான் கருதவில்லை. துணைவந்தவன் என்ற உணர்வு எம்மொழியிலும் கடந்துவருகிறது.

இத்தகைய விளையாட்டுகளை உலகறியச் செய்தோர் நேரலையினரும் யூரியூப் காணொளியினருமே. 'பியூடிபை' என்ற பெயரால் அறியப்பட்ட சுவீடன் நாட்டவர், 2012ஐ அடுத்த காலத்தில் 'இப்', 'மாட் பாதர்' முதலானவற்றை ஆடிக் காட்டினார். யப்பானியர் எழுதியதை வேறொருவர் ஆங்கிலமாக்க, அதனைத் தாய்மொழி ஆங்கிலமல்லாத ஒருவர் வாசிக்க, பன்னாட்டுப் பிள்ளைகள் கேட்டிருந்தனர். கூச்சலே கலையென எண்ணும் ஆட்டக்காரரும் உளர். அவர்களை என்னாற் பொறுக்க முடிவதில்லை. தங்கை பார்த்தவன் அத்தகையவனல்லன். அவன் ஒரு சொல்லில் இடறினால் ஓரத்திலிருந்து யாரோ அதைத் திருத்தி எழுதினர். அவனும் நன்றி கூறி மீண்டும் வாசித்தான். திகிலை விரும்பாத நான் நள்ளிரவுவரை இருந்தது இதன்பொருட்டே.

ஓரிரவு அம்மாவும் வந்து அருகே அமர்ந்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது. அவன் வாசிக்க வாசிக்க நான் தமிழிற் சொல்லி வந்தேன். வினாக்குறிகள் தோன்றிய இடத்தில், "இதை அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதாம்" என்றேன். அம்மா சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தார்.

"அப்ப, ஆரும் வாசிச்சுச் சொல்லேல்லையே?"

கெரி இன்னும் வந்திருக்கவில்லை. "வருவான் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் தங்கை.