அமுக்கிய பிறகும்

பரவையில் பிறந்தவனுக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 2003-இல் ‘தூள்’ படம் வந்த பிறகுதான் பரவை முனியம்மாவை வெளியூர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள். எங்களுக்கு அவர் குரல் அதற்கு வெகுகாலம் முன்பே பழக்கம். ஒரு சொல்லை எடுத்து நீட்டுவார். பாதி வழியில் அந்தக் குரல் இன்னொரு பிடி ஏறும். நாயனக்காரரும் அப்படித்தான். ஊதத் தொடங்கிய ஸ்வரத்தைச் சீவாளியில் உதட்டை இறுக்கி, மூச்சைக் கூட்டி, நெளித்துக்கொண்டே போவார்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு இருந்தது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது. அதற்காக அக்காவும் நானும் போடாத சண்டையில்லை. ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் அதில் ஒரே சத்தம்தான். முனியம்மா பாட்டை வாசித்துப் பார்ப்போம். ஸ்வரம் சரியாக விழும், அந்த ஏற்றம் மட்டும் வரவே வராது. நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு திருவிழா. மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு வந்திருந்தது. பொழுது சாயும் முன்பே மேடையில் ‘மைக் டெஸ்டிங்’ நடந்துகொண்டிருந்தது. கீபோர்டு அண்ணனிடம் இருந்தது 61 கட்டை ரோலண்ட் எக்ஸ்பி-60. 1998-இல் வெளிவந்தது, அந்தக் காலத்துக் கச்சேரி மேடைகளில் அதற்குத் தனி மரியாதை. நான் விடாமல் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, “ஏறி வாடா தம்பி” என்றார்.

மெதுவாக ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டேன். வயலின்கள் தூரத்தில் கேட்டன. வேகமாக அடித்தேன், பக்கத்தில் வந்தன. “இப்ப விரல எடுக்காம இன்னுங் கொஞ்சம் அமுக்கு” என்றார் அண்ணன். கட்டை ஏற்கெனவே அடிவரை போய்விட்டது. ஆனாலும் அழுத்தினேன். அடியில் ஏதோ மெத்தென்று கொடுத்தது. நின்றுகொண்டிருந்த ஸ்வரம் அசைந்தது, நடுங்கியது. விரலைத் தளர்த்தினால் அடங்கியது. அந்த மேடையை விட்டு இறங்க மனமே வரவில்லை.

அதன் சூட்சுமம் பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள். ஒன்று பட்டு அடுத்தது படும் வரை ஆகும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஓர் எண் தருகிறது கருவி. அழுத்தத்துக்குக் கட்டைகளின் கீழே நீளமாக ஓர் உணர்பட்டை. இந்த அழுத்த உணர்வுக்குப் பெயர் ஆஃப்டர்டச். பட்டை ஒன்றே என்பதால், மூன்று ஸ்வரம் பிடித்து ஒரு விரலை மட்டும் அழுத்தினாலும் மூன்றும் சேர்ந்தே அசையும். அது எனக்கு இன்றும் பெருங்குறைதான். கட்டைக்குக் கட்டை தனி உணர்வு 1977-லேயே யமஹா சிஎஸ்-80-இல் இருந்தது. ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு வாங்கெலிஸ் வாசித்தது அதில்தான். ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்த கன்டினுவம் என்ற கருவியில் கட்டைகளே கிடையாது. மெத்தென்ற பரப்பில் விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அதுதான் நெருக்கம்.

பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை நூறு டோன் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஆஃப்டர்டச்சுக்குக் கை எட்டாவிட்டாலும் பரவாயில்லை, டச் சென்சிடிவ் கட்டையாவது இருக்கிறதா என்று கடையிலேயே ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை பலமாகவும் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.