கறுப்பில் ஒரு தீர்ப்பு, பாலில் ஒரு தீர்ப்பு

மார்ச் 3

ஏற்காடு, கீழ்ப்பழனி மலையைச் சேர்ந்த தாண்டிக்குடி, சிக்மகளூர் ஆகிய இடங்களிலிருந்து வந்த மாதிரிக் கொட்டைகளை இன்று பிரித்துப் பார்த்தேன். எல்லாம் பழத்தோல் நீக்கி, நீரில் அலசி உலர்த்திய பிளாண்டேஷன் ஏ அரபிக்கா. ‘ஏ’ என்பது 6.65 மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்கும் பருமனைக் குறிப்பதேயன்றி, ருசிக்கு அளிக்கப்பட்ட அத்தாட்சிப் பத்திரம் அன்று என்பதை இத்தொழிலில் ஊறியவர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள். இரவு முழுதும் ஆறட்டுமென்று மாலையிலேயே இளவறுப்பாக வறுத்து வைத்தேன்.

மார்ச் 4

150 மில்லிலிட்டர் வெந்நீருக்கு 8.25 கிராம் தூள் என்ற பிரமாணத்தில் கிண்ணங்களில் இட்டு, கொதி சற்றே அடங்கிய நீரை வார்த்து, நான்கு நிமிஷம் சென்றபின் மேலே திரண்ட தூளைக் கரண்டியால் விலக்கி, எழுகின்ற ஆவியை மூக்கு நிறைய வாங்கியபின், அடுத்தவர் முகம் சுளிக்கும்படியான சப்தத்தோடு ஒவ்வொன்றாக உறிஞ்சினேன். (காற்றோடு கலந்து நாவெங்கும் தெறித்தாலன்றிக் காப்பி தன் குணதோஷங்களை ஒப்புக்கொள்வதில்லை, நாகரிகத்தைச் சற்று ஒத்திவைக்க வேண்டியதுதான்.) தாண்டிக்குடிக் கொட்டையில் ஆரஞ்சுத் தோலை நினைவூட்டும் இனிய புளிப்பு, ஆற ஆற அது தெளிந்ததேயன்றி மங்கவில்லை. ஏற்காட்டுக் கொட்டை வெல்லப்பாகின் சாயலோடு கனமாக, ஆரவாரமின்றி இருந்தது. சிக்மகளூர் மாதிரியில் சாக்கு வாடை, தள்ளிவிட்டேன்.

மார்ச் 5

கடைக்குரிய கருவறுப்பில் வறுத்து, ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி கலந்து, பித்தளை பில்டரில் டிகாக்ஷன் இறக்கிப் பாலும் சர்க்கரையும் சேர்த்தபோது நேற்றைய தீர்ப்பு தலைகீழாயிற்று. தாண்டிக்குடியின் புளிப்பில் பாதியை வறுப்பும் மீதியைப் பாலும் விழுங்கிவிட, மெலிந்த பானம் ஒன்றே எஞ்சியது. ஏற்காடோ, டவராவில் ஆற்றும்போதே கூடமெங்கும் மணத்தது. கிண்ணப் பரீக்ஷையின் மதிப்பெண்கள் பாலின்றிப் பருகும் தேசத்தாருக்கென ஏற்பட்டவை. அவற்றை மட்டும் நம்பிக் கும்பகோணத்தில் கொள்முதல் செய்கிறவன், தன் நாவுக்கே வியாபாரம் நடத்துகிறான் என்பது என் அபிப்பிராயம்.

மார்ச் 9

தாண்டிக்குடி. பலா, ஆரஞ்சு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் ஆகியவற்றின் நிழலில், பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய எஸ். 795 செடிகள். மாதிரிப் பொட்டலம் கைப்பொறுக்காக இருக்கக்கூடுமாதலால், கிடங்கில் அங்குமிங்குமாகச் சில மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி எடுத்துப் பார்த்தேன், குறையில்லை. “பாலை ஊத்தவா சார் இவ்வளவு பாடுபட்டோம்?” என்று எஸ்டேட் முதலாளி கேட்டதில் நியாயம் இருக்கவே செய்தது. கறுங்காப்பி அருந்தும் சிலருக்கென வறுப்பைக் குறைத்துத் தனியே விற்பதாகச் சொல்லி, இரண்டு மூட்டைக்கு மட்டும் விலை பேசி முடித்தேன். ஏற்காட்டு மூட்டைகளின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருப்பதாகத் தகவல் வந்தால், நாளையே முன்பணம் அனுப்ப வேண்டும்.