மானுக்கு ஏற்ற தோட்டா

மான் வேட்டைக்கு உகந்த தோட்டா எது என்று எழுத வந்திருக்கும் இந்த ஆசாமி தன் ஆயுளில் ஒரு மானையாவது சுட்டிருக்கிறானா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. மான் இருக்கட்டும், ஒரு காக்கையைக்கூட நான் சுட்டதில்லை. நம் தேசத்தில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் வந்த பிறகு, பொழுதுபோக்குக்காக மானைச் சுடுவது குற்றமாகிவிட்டது. அதில் எனக்குப் பரம திருப்தி. ஆயினும், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவனுக்குத் தோட்டாவைப் போன்ற நல்ல பாடம் கிடைப்பது அரிது. எடை, வேகம், சக்தி, பூமியின் இழுப்பு எல்லாம் அந்தச் சிறு பித்தளைக் குப்பிக்குள் அடங்கியிருக்கின்றன. பௌதிகம் படிக்கப் போன நான் அதில் ஒரு சரித்திரத்தையும் கண்டேன்.

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பிடிக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. மானுக்குள் போவது குண்டு. சுட்டவன் காலடியில் கிடப்பது வெறுங் கூடு.

குண்டு பட்ட மான் எப்படிச் சாகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சாண் அகலத்துக்குள், இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. அங்கே குண்டு புகுந்து ரத்தக் குழாய்களைக் கிழித்தால் மான் சீக்கிரம் விழுந்துவிடும். அப்படிப்பட்ட மான்கூட ஐம்பது, நூறு கஜம் ஓடிய பின்பு விழுவதுண்டு. அந்தச் சாண் அகலம் தப்பி வயிற்றிலோ காலிலோ பட்டால், மான் புதருக்குள் போய் மணிக்கணக்காக, சில சமயம் நாள் கணக்காகச் சாகிறது. ஆகவே, நல்ல தோட்டா எது என்று கேட்பது, அந்த நாள் கணக்கை நிமிஷக் கணக்காகக் குறைக்கும் தோட்டா எது என்று கேட்பதே ஆகும்.

பட்டாளத்துக் குண்டு இதற்கு உதவாது. அதன் ஈயத்தை முழுவதும் கெட்டியான உலோக உறை மூடியிருப்பதால், மானின் உடலில் ஊசிபோல் நுழைந்து மறுபக்கம் போய்விடும். வேட்டைக் குண்டின் நுனியில் ஈயத்தை மூடாமல் விட்டிருப்பார்கள். சதைக்குள் போனதும் அது காளான்போல் விரியும். இதே தத்துவத்தில்தான் 1890-களில், கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில், எல்லைப்புறச் சண்டைகளுக்காகக் குண்டு செய்தார்கள். மனிதர்மீது அதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899-ல் ஹேக் நகரத்துச் சமாதான மகாநாடு பிரகடனம் செய்தது. இன்று பிரிட்டனில் மானைச் சுடுகிறவன் விரியும் குண்டைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது சட்டம். மனிதனுக்கு விலக்கியதை மானுக்கு விதித்திருக்கிறார்களே என்றால், இரண்டுக்கும் காரணம் இரக்கந்தான். காயம்பட்ட சிப்பாய்க்கு ஆஸ்பத்திரி உண்டு. காயம்பட்ட மானுக்கு அது கிடையாது.

அங்கே சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. இங்கிலாந்தில் 1991-ம் வருஷத்து மான் சட்டப்படி, ரைபிளின் துவாரம் .240 அங்குலத்துக்கும், குழல் வாயில் குண்டின் சக்தி 1,700 அடி-ராத்தலுக்கும் குறையக் கூடாது. (மிகச் சிறிய மான் ஜாதிகளுக்குச் சற்றுச் சலுகை உண்டு.) ஸ்காத்லாந்தில் 1985-ல் பிறந்த உத்தரவு, குண்டு 100 கிரெயின் எடை இருக்க வேண்டும், வினாடிக்கு 2,450 அடி வேகமும் 1,750 அடி-ராத்தல் சக்தியும் வேண்டும் என்றது. 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு ராத்தல். ஈயத்துக்குப் பதில், எடை குறைந்த செம்புக் குண்டுகள் வழக்கத்துக்கு வருவதை உத்தேசித்து, 2023-ல் அந்த 100-ஐ 80-ஆக்கினார்கள். இந்த எண்கள் எல்லாமே, இதற்குக் கீழே போகாதே என்று சுடுகிறவனுக்குச் சொல்பவை.

இதே ஆங்கிலேயர் நம்மை ஆண்டபோது தோட்டாவைப் பற்றிச் செய்த சட்டங்களில் மானைக் காணோம். லிட்டன் பிரபு காலத்தில், 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் என்றது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸே இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டது. 1930-ல் இர்வின் பிரபுவிடம் மகாத்மா வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சாமூர்த்தி துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவர் கேட்டது துப்பாக்கியை அல்ல, நம்பிக்கையை என்பது என் அபிப்பிராயம்.

லைசென்ஸ் கிடைத்தவனுக்கும் இஷ்டப்பட்ட தோட்டா கிடைக்கவில்லை. பட்டாளத்தின் .303 தோட்டா திருட்டுப் போனாலும் அதைச் சுடும் துப்பாக்கி வெளியார் கையில் இருக்கக்கூடாது என்பது சர்க்காரின் கவலை. ஆகவே அந்த அளவு வெளியாருக்கு விலக்கு. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கலகக்காரரிடம் இருக்குமோ என்ற பயத்தால், 1907-ஐ ஒட்டி .450 அளவையும் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கி வியாபாரிகள் உடனே .470 என்றும் .465 என்றும் புதுசு புதுசாகச் செய்து, யானை சுடும் துரைமார்களுக்கு விற்றார்கள். நடுத்தர வேட்டைக்காரனுக்கு வந்து சேர்ந்தது .315. ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாதான் அது. பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனியார் அதற்கென்று ரைபிள் செய்து இங்கே அனுப்பினார்கள். புள்ளிமானின் எடையையும் மிளாவின் எலும்பையும் யோசித்துத் தேர்ந்த தோட்டா அல்ல. நம் பட்டாளத்துத் துப்பாக்கியில் நுழையாத தோட்டா என்பதே அதன் யோக்கியதை. 1959-ல் நமது பார்லிமெண்டு புது ஆயுதச் சட்டம் இயற்றிய பின்னும் .303 விலக்காகவே இருக்கிறது. .315 ரைபிள் இஷாப்பூரில் நம்முடைய தொழிற்சாலையிலேயே உற்பத்தியாயிற்று.

நியாயமாகச் சொன்னால், அது மோசமான தோட்டா அல்ல. 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் லெப்டினண்ட் கவர்னர் ஹியூவெட் பரிசளித்த .275 ரிக்பியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரிக்பியின் குண்டு 140 கிரெயின். வேகம் வினாடிக்குச் சுமார் 2,700 அடி. .315-ன் குண்டு 244 கிரெயின். வேகம் சுமார் 2,000 அடி. கணக்குப் போட்டால் இரண்டின் சக்தியும் 2,200 அடி-ராத்தலை ஒட்டியே வருகிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்பான் என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன். அங்கேதான் பூமி குறுக்கிடுகிறது. 200 கஜம் போய்ச் சேர்வதற்குள் ரிக்பி குண்டு ஓர் அடி அளவே கீழே விழும்; மெதுவான .315 குண்டு இரண்டடிக்குச் சற்றுக் குறைய விழும். தூரத்தை ஐம்பது கஜம் தப்பாக மதித்துவிட்டால், .315 அந்தச் சாண் அகலத்தைத் தவறவிட்டுவிடும். திறந்த வெளியில் மேயும் வெளிமானுக்கு அது ஏற்றதல்ல. ஸ்காத்லாந்து விதியின் வேகப் பரீட்சையிலும் அது தேறாது. ஆனால் மூங்கில் காட்டில் நூறு கஜத்துக்குள் நிற்கும் மிளாவுக்கு இந்த வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலந்தான். 300 கிலோவைக்கூட எட்டக்கூடிய அந்தப் பெரிய உடம்பில், கனமான குண்டு ஆழமாகப் போகும்.

இன்னும் பெரிய தோட்டாவாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. பெரிய தோட்டா சுடுகிறவன் தோளிலும் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறான். யானைத் தோட்டாவானாலும் மானின் காலில் பட்டால் காலைத்தான் ஒடிக்கும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் ரைபிள் வைத்திருந்த சிலருக்கே உதவியிருக்கும். நம் கிராமத்தில் லைசென்ஸ் பெற்றவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் பன்னிரண்டு போர் துப்பாக்கி. மானுக்கென்று அதில் போட்டது எல்.ஜி. தோட்டா. அதில் ஆறு பெரிய ஈய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 70 கிரெயின். குழல் வாயிலேயே ஒவ்வொன்றின் சக்தியும் 200 அடி-ராத்தலுக்குச் சற்று மேல்தான். இங்கிலாந்து கேட்கும் 1,700 எங்கே, இது எங்கே! நாற்பது கஜத்துக்கு அப்பால் உருண்டைகள் திசைக்கு ஒன்றாகச் சிதறும்.

1960-களில் செங்கோட்டைப் பக்கத்தில், மலையடிவாரத்து வயலைக் காக்க என் பெரியப்பா அப்படி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஓர் இரவு, நெற்பயிரில் இறங்கிய மிளாவை அறுபது கஜத்திலிருந்து சுட்டார். மிளா ஓடிவிட்டது. விடிந்ததும் வரப்பில் ரத்தம் இருந்தது. ஓடைக்கரை வரையில் போய் அங்கே தடம் மறைந்துவிட்டது. அன்றும் மறுநாளும் ஆட்களோடு தேடினார். மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்ட பிறகே இடம் தெரிந்தது. வயிற்றில் இரண்டு உருண்டை. தண்ணீரைத் தேடி அது ஊர்ந்து வந்த தடம் மணலில் நீளமாகக் கிடந்ததாம்.

நான் காலேஜில் படித்தபோது இதைச் சொன்னார். “ஏன் பெரியப்பா, ரைபிள் தோட்டாவாக இருந்தால் அங்கேயே விழுந்திருக்குமே?” என்றேன். “என் லைசென்ஸில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தானேடா போட முடியும்? மிளாவுக்கு எது நல்லது என்று அந்தக் காகிதத்தில் யார் எழுதினான்?” என்றார். அதற்குப் பின் அவர் வயலில் தகரம் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். பயிரில் கொஞ்சம் போயிற்று. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

வேட்டைதான் ஒழிந்ததே, இனி இந்தக் கேள்வி எதற்கு என்று இருந்துவிடுவதற்கில்லை. பயிரை அழிப்பதாகக் குடியானவர்கள் முறையிட்டதன் பேரில், பீகாரில் சில ஜில்லாக்களில் நீலகாயைச் சுட மத்திய சர்க்கார் 2015 டிசம்பரில் அனுமதித்தது. 2016 ஜூனில் மொகாமாவில் 200-க்கும் அதிகமான நீலகாய்கள் சுடப்பட்டன. பயிர் போன குடியானவனின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. நீலகாய் ஆணுக்கு 200 கிலோவுக்கு மேலும் எடை உண்டு, எல்.ஜி. உருண்டைக்கு அது சுலபத்தில் விழாது. சுட அனுமதிக்கும் உத்தரவு எதிலும், ஜில்லாவின் பெயரும் காலக் கெடுவும் எழுதும் இடத்துக்கு அடியில், குண்டின் எடை இவ்வளவு, சக்தி இவ்வளவு, தூரம் இத்தனை கஜத்துக்குள், விரியும் குண்டு மட்டுமே என்று நாலு வரி சேர்க்கலாம். கணக்கு ஏற்கனவே போட்டு வைத்ததுதான். எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சரிபார்த்துவிடுவான்.