கூடாரத்தில் மூன்று இரவுகள்

பிரயாணம் என்றால் நம்மவர்க்குப் பெரும்பாலும் கதிர்காம யாத்திரை. அன்றேல் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுக் கலியாணம். கணவனும் மனைவியும் தனித்து, கூடாரமொன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு, காட்டையும் பழைய நகரங்களையும் பார்க்கப் புறப்பட்டால் அயலவர் சிரிப்பார்கள். சென்ற ஆவணியில் நாங்கள் அவ்வாறே புறப்பட்டோம், அயலவரும் சிரித்தார்கள்.

சிரியாதவர் என் மனைவி ஒருவரே. கூடாரத்தை முற்றத்தில் விரித்து நான் ஒத்திகை பார்த்தபோது, அவர் குசினி வாயிலில் நின்றார், கிட்ட வரவில்லை. 2009ஆம் ஆண்டில், வன்னிப் போரின் இறுதியில், அவரும் குடும்பத்தாரும் முகாமொன்றில் ஏழு மாதம் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். வாங்கும்போது அதை நான் நினையாதது என் பிழையே. “வேண்டாமென்றால் விடுதியில் தங்குவோம்” என்றேன். “வாங்கியதை ஏன் வீணாக்குவான்?” என்று மட்டும் சொன்னார்.

விடியற்காலையில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டி வீதியால் தெற்கு நோக்கிச் சென்றோம். கிளிநொச்சியைத் தாண்டி, அவருடைய ஊருக்குப் பிரியும் மண்பாதை வந்தபொழுது, அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அத்திவாரம் மாத்திரம் எஞ்சிய அந்தக் காணிக்கு, பெற்றோர் மறைந்தபின் அவர் போனதில்லை.

ஏறத்தாழ 200 கிலோமீற்றர் கடந்து அநுராதபுரத்தை அடைந்தோம். மகாவம்சம் கூறும்படி எல்லாளன் 44 ஆண்டுகள் அரசு செலுத்திய நகரம் இது. போரில் அவனை வென்ற துட்டகைமுனு, வீழ்ந்தவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்யவேண்டுமெனக் கட்டளையிட்டான் என்றும் அந்நூலே கூறுகின்றது. எல்லாளன் சமாதியெனப் பல காலம் கருதப்பட்ட செங்கல் மேட்டைப் பிற்கால ஆய்வாளர் தக்கிண தூபி எனக் கண்டனர். இவற்றையெல்லாம் மாணவர்க்குப் படிப்பித்த நான், விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மனைவி கேட்டது ஒரே கேள்வி: “தோற்றவனுடைய வீட்டுக்காரர் பிறகு எங்கே போனார்கள்?” எனக்கு மறுமொழி தெரியவில்லை. அன்றிரவு ஒரு விடுதியிலே தங்கினோம்.

மறுநாள் புத்தளம் வீதியால் மேற்கே சென்று வில்பத்து வனத்தை அடைந்தோம். 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட இது 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் மூடியிருந்து, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. கூடாரமிட விரும்புவோர் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். எங்கள் காரை வெளியே விட்டு, ஜீப் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். அநுராதபுரத்துக் குளங்கள் மனிதர் கட்டியவை. இங்குள்ள வில்லுகளோ கரையும் மதகுமின்றி மழைநீரைத் தாமே ஏந்தி நிற்பவை. கோடையில் அவை சுருங்க, எஞ்சிய நீரை நாடிப் புள்ளிமான்கள் கூட்டமாக வந்து நின்றன.

அக்காட்டில் நான் மாணவன், அவர் ஆசிரியர். இது வீரை, இது முதிரை, இது பாலை என்று காட்டிக்கொண்டே வந்தார். ஒரு பாலைமரத்தின் பட்டையில் நீண்ட கீறல்கள் தெரிந்தன. பழக்காலத்திலே கரடி ஏறிய அடையாளம் என்றார். சிறுவயதில் பாலைப்பழம் தின்று உதடுகள் பால்பிடித்து ஒட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்.

பொழுதுபட, கூடாரம் அடித்தோம். “இருட்டியபின் வெளியே வரக்கூடாது, யானை வரும், கரடி வரும்” என்றார் காவலர். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். “அங்கேயும் இப்படித்தான் சொன்னார்கள். அங்கே யானை இருக்கவில்லை” என்றார்.

விளக்கை அணைத்தபின் அவராகவே பேசினார். ஒரே கூடாரத்தில் எட்டுப் பேர். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரளவேண்டும். ஒருநாளாவது கால் நீட்டிப் படுக்கவேண்டும் என்பதே அந்நாளைய ஆசை. எங்கள் இல்லறத்தில் இதை அவர் சொன்னது அன்றே முதல் முறை. நான் சுவரோரம் ஒதுங்கிப் படுத்தேன். அவர் கால்களை நன்றாக நீட்டி உறங்கிப்போனார். தூரத்தில் மானொன்று கத்தியது.

அடுத்த இரவு மின்னேரியாவுக்கு அருகே, தனியார் தோட்டமொன்றில் தங்கினோம். மகாசேன மன்னன் கட்டிய அக்குளத்தின் நீர் வற்றும் காலத்தில், இளம்புல்லை நாடி யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. நாங்கள் எண்ணியவை முப்பத்தேழு.

பொலநறுவையில் இரண்டாம் சிவாலயத்தைத் தரிசித்தோம். சோழர் காலத்திலே, அரசியொருத்தியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் என வழங்கிய கற்றளி அது. விஜயபாகு 1070இல் சோழரை அகற்றினான். அரண்மனைகளும் மாடங்களும் அழிந்தன. ஆயினும் இச்சிறு கோயில் விமானத்தோடு இன்றும் நிற்கின்றது. யாரோ ஏற்றிய கர்ப்பூரத்தின் கரி கல்லிலே படிந்திருந்தது. மனைவி வெகுநேரம் அங்கே அமர்ந்திருந்தார்.

திரும்பும் வழியில், வவுனியா கடந்தபின், அவர் சொன்னார்: “இத்தனை இடிபாடுகளையும் பார்த்தோம். என்னுடையதையும் பார்த்துவிட்டுப் போவோம்.”

மண்பாதையிலே திரும்பினோம். அத்திவாரத்தை நாயுண்ணிப் பற்றை மூடியிருந்தது. கிணற்றுக்கட்டு உடையவில்லை, முற்றத்து வேம்பு முன்னிலும் பெருத்திருந்தது. அயலில் ஒரு முதிய தாய் அவரை இனங்கண்டு, “பிள்ளை வந்திட்டியே” என்று கைபிடித்து அழுதார். கத்தியும் வாளியும் தந்தார். பொழுதுபடுமுன் குசினி இருந்த இடத்தைத் துப்புரவாக்கினோம்.

மூன்றாம் முறை கூடாரத்தை அடித்தவர் என் மனைவியே. நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயிலை வேம்பைப் பார்த்து வைத்தார்.