ஆலையின் வாசலில் நிற்கிறவர்



நம் சபையின் குடும்பங்களில் பெரும்பாலானவை சேலத்து நூற்பாலைகளையோ, பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளையோ, நாமக்கல்லின் லாரி பட்டறைகளையோ, கோழிப்பண்ணைகளையோ நம்பிப் பிழைக்கின்றன. உங்களில் சிலர் வேலைக்கு ஆள் சேர்க்கிறீர்கள், பலர் சேர்க்கப்படுகிறீர்கள். ஆகவே, இன்று 'எச்.ஆர்.' என்று அழைக்கப்படும் மனிதவளப் பொறுப்பைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அத்துறையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் என்னிடம் மனம் நொந்து கேட்டார்: "பாஸ்டர், முதலாளி என்னைத் தொழிலாளிகளின் ஆள் என்கிறார். தொழிலாளிகள் என்னை முதலாளியின் ஆள் என்கிறார்கள். நான் யாருடைய ஆள்?" அந்தக் கேள்வி என்னை அந்தப் பதவியின் பிறப்பையே தேடிப் படிக்க வைத்தது.

முற்காலத்துப் பஞ்சாலைகளில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. வேலை கிடைக்கவும் கையூட்டு, கிடைத்த வேலை நிலைக்கவும் கையூட்டு. விட்லி என்பவரின் தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட அரசத் தொழிலாளர் ஆணையம், 1931இல் அளித்த அறிக்கையில் இதற்கு ஒரு மாற்றைச் சொன்னது. ஆலைகளில் தொழிலாளர் அலுவலர் ஒருவர் இருக்கட்டும். அவர் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்கட்டும். ஆள் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரியை விட்டு அவரிடம் வரட்டும் என்பதே அது. பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் தொழிற்சாலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது.

கவனியுங்கள். வருகைப் பதிவேட்டைக் காக்க மட்டும் இந்தப் பதவி உண்டாக்கப்படவில்லை. வாசலில் நிற்கும் ஏழை யாருக்கும் பணம் கொடாமல் உள்ளே வரவும், காரணமின்றி வெளியே தள்ளப்படாமல் இருக்கவுமே உண்டாயிற்று. அதுவே அதன் தலைமைத்துவம்.

அந்த வாசல் காவலின்றிப் போனால் நேரிடுவதை நம் பகுதி அறியும். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றுக்குத் தரகர்கள் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை என்பது வாக்கு. இடையில் உடல் நலிந்து வீடு திரும்பியவர்களுக்கு அத்தொகை மறுக்கப்பட்டதும் உண்டு. பழைய மேஸ்திரி தரகராகத் திரும்பி வந்தார். அப்படிப்பட்ட இடங்களில் பணியாளர் அலுவலகமும் இருந்திருக்கலாம், காவல் இல்லை.

இவ்விடத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். எருசலேம் சபையில் அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை எந்த மொழியில் எழுந்ததோ, அந்த மொழியை அறிந்தவர்களிடமே பொறுப்பு சேர்ந்தது என்று இப்பெயர்களால் எண்ணத் தோன்றுகிறது.

இன்று நம் பண்ணைகளிலும் தறிக்கூடங்களிலும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் உழைக்கிறார்கள். அவர்களுடைய முறுமுறுப்பு எந்த மேசைக்கு வந்து சேருகிறது?

ஆகவே அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான்: இரு தரப்பும் உம்மைச் சந்தேகிப்பது உம்முடைய இடத்தின் தன்மை, அதற்காக இடத்தை விட்டு விலகாதேயும். விடுதியில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால், இன்றிரவு ஷிப்டுக்கு அவர்களை அனுப்ப முடியாது என்று மேலிடத்தில் சொல்லும். ஆர்டர் குறைந்து நிர்வாகம் நெருக்கத்தில் இருந்தால், அதையும் தொழிலாளிகளிடம் மறைக்காமல் சொல்லும். இரு பக்கத்து உண்மையையும் சேதமின்றிக் கொண்டுசேர்க்கிறவர் எவரோ, அவரே அங்கே தலைவர்.

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் அன்பானவர்களே, அப்படிச் சொல்லும் ஒருவரை வேலையை விட்டு நீக்கிவிடாதிருங்கள். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர்களே, நல அலுவலரை வைக்கும்படி சட்டம் உங்களைக் கேட்கவில்லை; ஆகையால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தோள்மேலேயே இருக்கிறது. இந்த வாரம் உங்களிடம் வேலை செய்கிறவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரை அழையுங்கள். அவர் யார் மூலமாக வந்தார், அதற்காக எவருக்கேனும் பணம் கொடுத்தாரா, சொன்ன கூலி கைக்கு முழுமையாக வருகிறதா என்று கேளுங்கள். அவருடைய மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கொடுக்கிற கைகளையும் வேலை செய்கிற கைகளையும் கர்த்தர் நீதியிலே நிலைநிறுத்துவாராக. ஆமென்.