திரும்பி எதுல வந்தான்?

கட்டுமாவடியில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே நம் மூக்கு இறங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே மீன் மார்க்கெட். மணமேல்குடி அத்தை, 'வர்றப்ப நண்டு வாங்கிட்டு வா. வெறுங்கையோட வந்தா வெறும் ரசம்தான்' என்று போனில் எச்சரித்திருந்தார்.

ஏலம் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத வித்தை. பி.காம்.மில் ஐந்தொகை போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஏலக்காரர் வாயிலிருந்து பறக்கும் தொகையைப் பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் 'எவ்வளவு?' என்று கேட்பதற்குள் மூன்று கூடை கைமாறி வேனில் ஏறிவிட்டது. சரி, சில்லறையில் வாங்கிக்கொள்ளலாம் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

செல்போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. என்னோடு பி.காம். படித்தவன், லண்டனில் கணக்கு எழுதுகிறான். ஒரு பழைய பிக்கப் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு இளிக்கிறான். ஆபீஸ் ஆட்களாகச் சேர்ந்து காசு போட்டு வாங்கிய வண்டியாம். உக்ரைனுக்கு ஓட்டிக்கொண்டு போய் சாவியைக் கொடுத்துவிட்டானாம்! (கல்லூரியில் இவனிடம் சைக்கிள் இரவல் கேட்டால் காற்று இல்லை என்பான்.)

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைந்ததிலிருந்து இது ஒரு தனிப் போக்குவரத்தாகவே நடக்கிறது. விவசாயி, தச்சர், பென்ஷன்காரர் என்று பலரும் ஜீப், பிக்கப், பழைய ஆம்புலன்ஸ்களை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். லண்டனில் புகை கக்கும் பழைய வண்டியை ஒழித்தால் பணம் தரும் திட்டம் ஒன்று இருந்தது. 2024-ல், உடைப்பதற்குப் பதிலாக உக்ரைனுக்குக் கொடுக்கலாம் என்று அதையே மாற்றினார்கள். இங்கிலீஷ் வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், அங்கே ரோட்டில் எல்லாரும் வலப்பக்கம். ஓவர்டேக் பண்ணுவதற்குள் உயிர் போய் வருமாம். லண்டனிலிருந்து லிவிவ் நகரம் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர்.

பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், நாட்டுப்படகுக்காரர். விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்:

"வண்டியத்தான் குடுத்துட்டானே, திரும்பி எதுல வந்தான்?"

எனக்குத் தோன்றவே இல்லை.

"ரோடு இருக்கு, போறான். இங்கிட்டு ஏது தம்பி ரோடு?" என்று கடல் பக்கம் கையைக் காட்டினார். உண்மைதான். நேர்கோடு போட்டால் இங்கிருந்து யாழ்ப்பாணம் சுமார் 100 கிலோமீட்டர். மூட்டை கட்டிக்கொண்டு போக நினைத்தவர்களுக்கு நம் பக்கமும் குறைவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டு யாழ்ப்பாணம் சோற்றுக்குத் தவித்தபோது, பழ. நெடுமாறன் அரிசியும் மருந்தும் திரட்டினார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான்கூட அம்மா அளந்து கொடுத்த இரண்டு படி அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். 2007 செப்டம்பரில் படகில் கொண்டுபோகக் கிளம்பினார்கள். போலீஸ் தடுத்துவிட்டது. அவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். என் இரண்டு படி கடலையே பார்க்கவில்லை.

"அதுக்கு முன்னாடி கவுருமெண்டே அனுப்புச்சே, தெரியுமா?" என்றார் பெரியவர்.

1987 ஜூன் 3. செஞ்சிலுவைக் கொடி கட்டி, ராமேசுவரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் நிவாரணப் பொருளோடு கிளம்பின. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்தது. மணிக்கணக்கில் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மறுநாளே விமானப்படை 'பூமாலை' என்று பெயர் வைத்து, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் போட்டது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பெரியவர் சொன்னது புத்தகத்தில் இல்லை.

"அன்னிக்கு நான் ராமேசுவரத்துல மச்சான் வீட்ல கெடந்தேன். சும்மா நிக்க மனசு வரல, நானும் நாலு மூட்டை ஏத்துனேன். போட்டு திரும்பி வந்துச்சு. அதே மூட்டைய நானே எறக்குனேன். ஏத்துறப்ப பாரமே தெரியல தம்பி. எறக்குறப்பதான் தோளு போச்சு."

"கூலி?"

"அதுக்கு எவன்யா கூலி வாங்குவான்?" குரல் சற்று ஏறிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது. கணக்குப் படித்த புத்தி.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "இப்ப அந்தப் பக்கம் தப்பிப் போனாலே தொலைஞ்சோம். புடிச்சா ஆளாவது வருவாரு, போட்டு வராது" என்றார். ஐரோப்பாவில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் தர்மம். இங்கே படகை விட்டுவிட்டு வந்தால் குடும்பமே நடுத்தெரு.

நண்டு வாங்கிக் கொடுத்தது அவர்தான். நான் பேரம் பேசியிருந்தால் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

கண்டக்டர் என் பையை மூக்காலேயே ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசி சீட்டுக்குத் துரத்தினார். உட்கார்ந்ததும் லண்டன்காரனுக்குக் கேள்வியை அனுப்பினேன். பதில் வந்தது: 'பஸ்லதான்டா. போலந்து எல்லைல ஏழு மணி நேரம் க்யூ. பக்கத்து சீட்ல ஒரு பாட்டி, மடியில பூனை. நான் பாதி வழி பூனையை வச்சுக்கிட்டேன்.'

பெரியவரிடம் சொல்லலாமே என்று திரும்பிப் பார்த்தேன். மணமேல்குடி வந்துவிட்டது.