பாடிப் போகிறவனா, பிடிக்கிறவனா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் நான் பாடம் நடத்திய பையன்களின் பையன்கள். பொங்கல் கபடிப் போட்டிக்கு டீம் போடுகிறார்களாம். வசூல் நாற்பதாயிரம் சேர்ந்திருக்கிறது. அதில் இருபத்தைந்தாயிரத்தைக் கொடுத்து வெளியூர் ரைடர் இரண்டு பேரைக் கூட்டி வந்துவிடலாம் என்பது இவர்கள் யோசனை. சாயங்காலம் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ரைடரு கடைசி வாரத்துலகூடக் கெடைப்பான். மொதல்ல பிடி பழகுங்கலே"ன்னு சொல்லிவிட்டானாம். இரண்டு வாரமாகப் பேச்சு முற்றி, பாதிப் பேர் பயிற்சிக்கே போகவில்லை.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாமா கேப்பாக" என்றான் ஒருவன்.

இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பையன்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை. 'பைசன்' படம் வந்த பிறகு நம்ம பக்கத்தில் கபடிக்கு ஒரு புது வேகம் வந்திருக்கிறது. அந்தப் படத்துக்குத் தூண்டுதலான மணத்தி கணேசன் நம்ம மாவட்டத்துக்காரர், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் நமக்கு எப்போதும் கபடிதான். மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும்.

கபடி பார்க்கிற யாருடைய கண்ணும் பாடிப் போகிறவன் மேலேதான் இருக்கும். தனியாகப் போகிறான், எதிரே ஏழு பேர், 30 விநாடி. தொட்டுவிட்டு மூச்சு வாங்கக் கோட்டுக்குத் திரும்பினால் மைக்கில் அவன் பெயர். பிடித்தவர்களுக்கு மைக்கில் பெயர் கிடையாது. "நாகலாபுரம் அணிக்கு ஒரு புள்ளி" என்பதோடு சரி.

எனக்கும் முதல் பத்து வருடம் அப்படித்தான். நடுநிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த இளவட்டம் என்று விசிலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். குறுவட்டப் போட்டிக்கு டீம் எடுத்தால் நல்லா ஓடுகிற பையன், எட்டி உதைக்கிற பையன், இவர்களை முதலில் எழுதுவேன். மிச்சமிருக்கிற இடத்துக்கு உடம்பு பெருத்தவன் யாரையாவது நிறுத்துவேன். ஆளுக்கு ஆள் ரைடு போவான். முதல் சுற்று ஜெயிப்போம், இரண்டாவது சுற்றில் வீடு வந்து சேருவோம்.

கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது. ரைடர் ஒரே ரைடில் இரண்டு, மூன்று புள்ளிகூட எடுப்பான். பிடிக்கு ஒன்றுதான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் இப்போது இரண்டு தருகிறார்கள், அவ்வளவுதான். ஸ்கோர் நோட்டைப் பார்த்தால் ரைடர்தான் சம்பாதிக்கிறவன் மாதிரித் தெரியும். ஆனால் பிடிபட்டவன் எங்கே போகிறான் என்று பாருங்கள். கோட்டுக்கு வெளியே போய் உட்காருகிறான். அவன் கட்சி புள்ளி எடுத்து அவன் முறை வரும்வரை அவனால் எழுந்திருக்க முடியாது. அதே நேரம் நம் பக்கம் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் உள்ளே வந்துவிடுகிறான். நாம் தொட்டு ஒருவனை வெளியேற்றினால் போகிறவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நாம் பிடித்து வெளியேற்றினால் போகிறவன் எப்போதும் அவர்களுடைய ரைடர். அதிலும் அடிக்கடி ரைடு வருகிறவன், அதாவது அவர்களிடம் இருப்பதிலேயே நல்லவன். அவன் வெளியே உட்கார்ந்திருக்கிற அஞ்சு நிமிஷத்தில் மேட்ச் திரும்பிவிடும். ஏழு பேரும் வெளியே போனால் லோனா, மேலே இரண்டு புள்ளி.

இது நம்ம ஊர் மண் தரையில் மட்டும் நடக்கிற கதை இல்லை. புரோ கபடியை டிவியில் பார்க்கிறீர்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தார்கள். அஜய் தாக்கூர் மாதிரிப் பெரிய ரைடர் இருந்தும் அரையிறுதியை எட்டவில்லை. 2022இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. தொலைந்தது என்று நானும் டிவியை அணைத்தேன். அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில், இந்த இரண்டு பையன்களும் வருகிறவன் காலைப் பிடித்தால் விடவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் ரைடில் கொட்டித் தீர்த்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் வழக்கு ஜெயிப்பதற்காகச் சாட்சியை மறைத்த மாதிரி ஆகிவிடும். அரையிறுதியில் புனேயிடம் 37க்கு 39 என்று தோற்றோம்.

அடுத்த சீசனுக்கு நடந்த ஏலம் இன்னும் நல்ல பாடம். பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்துத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. ஈரான்காரர் ஷாத்லூயி, பிடிக்குப் பேர் போனவர். அவரை 2 கோடியே 35 லட்சத்துக்குப் புனே எடுத்தது. டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டே இரண்டு. கோப்பை புனேக்கு. அதற்கடுத்த வருஷம் ஷாத்லூயி ஹரியானாவுக்குப் போனார், கோப்பையும் ஹரியானாவுக்குப் போனது. அதே ஏலத்தில் நம்ம தலைவாஸ் 2 கோடியே 15 லட்சத்துக்குச் சச்சின் என்ற ரைடரை வாங்கியது. பிளே ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நாட்டுக்கு நடந்ததையும் மறக்க முடியாது. ஆசிய விளையாட்டில் 1990இலிருந்து கபடித் தங்கம் நம்மிடமே இருந்தது. 2018 ஜகார்த்தாவில் அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி என்று ஒரு ரைடர் பட்டாளமே போனது. அரையிறுதியில் ஈரான்காரர்கள் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தார்கள். நாம் எடுத்தது 18, அவர்கள் 27.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது. பர்தீப் நர்வால் 2017 சீசனில் மட்டும் 369 ரைடு புள்ளி எடுத்தார், பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பை வாங்கியது. 2019 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூரு எடுத்த 38இல் 22 பவன் ஒருவரே எடுத்தது. அப்படி ஒருவன் கிடைத்தால் நான் சொல்வதையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடலாம். ஆனால் அப்படிப்பட்டவன் இருபத்தைந்தாயிரத்துக்கு நம்ம ஊருக்கு வரமாட்டான் தம்பிகளா. அதே போல ஷாத்லூயி ஒருவர் போதும் என்றும் இல்லை. 2025இல் குஜராத் அவருக்கு 2 கோடியே 23 லட்சம் கொடுத்தது, கோப்பை டெல்லிக்குப் போனது.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கே பேஸ்பாலிலும் இதே சண்டையாம், பந்து எறிகிறவனுக்குக் காசைக் கொடுப்பதா, அடிக்கிறவனுக்குக் கொடுப்பதா என்று. அவ்வளவு தூரம் எதற்கு மாப்பிள்ளை, 1983 உலகக் கோப்பை இறுதியில் நாம் அடித்தது 183தானே, வெஸ்ட் இண்டீஸை 140இல் சுருட்டித்தானே கப் வாங்கினோம் என்றேன்.

ஆனால் கபடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதுதான் டீம் போடுகிறவனுக்கு முக்கியம். ரைடர் தனி ஆள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து சனிக்கிழமை இறங்கி ஆடிவிடுவான். பிடி தனி ஆள் வேலை இல்லை. கார்னர் கணுக்காலைப் பிடித்த அதே விநாடியில் கவர் வந்து மேலே விழ வேண்டும், செயினில் நிற்கிற இரண்டு பேர் வழியை அடைக்க வேண்டும். கார்னர் எப்போது பாய்வான் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கு அவன் தோளைப் பார்த்தே தெரியணும். ஒருவன் முந்திவிட்டால் நாலு பேரும் அவுட். இது காசுக்குக் கிடைக்காது. ஒரே தரையில் ஒன்றாக விழுந்து எழுந்து மாசக்கணக்கில் வருவது.

சரி, ஏன் இரண்டு நாள் டைம் கேட்டேன் என்பதற்கு வருகிறேன்.

அந்தப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என் மாணவன். பெயர் போடவில்லை, அவனுக்குப் பிடிக்காது. 1996இல் எட்டாம் வகுப்பு. ஒல்லியான பையன், கை மட்டும் நீளம். உடம்பு பெருத்தவன் அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லை என்பதற்காக அவனை இடது கார்னரில் நிறுத்தினேன். அந்த வருஷம்தான் குறுவட்டத்தில் முதல்முறையாகக் கடைசி ஆட்டம் வரை போய் ஜெயித்தோம். நான் என்ன நினைத்தேன் என்றால், நம்ம ரைடர்கள் இரண்டு பேரும் பிரமாதம் என்று நினைத்தேன்.

பிறகு தூத்துக்குடியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. என் கையில் இருந்த காசுக்கு இரண்டு பையன்களைத்தான் பஸ்ஸில் கூட்டிப் போக முடியும். ரைடர்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போனேன். பஸ் கிளம்பும்போது இவன் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். வழியனுப்ப வந்திருக்கிறான் என்று நினைத்துக் கை காட்டினேன். அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது, அதற்குள் மாற்று டவுசர் இருந்தது என்று அவன் அம்மா சொல்லி ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

ரைடர்கள் இரண்டு பேரும் தேர்வாகவில்லை. தேர்வு செய்ய வந்திருந்தவர்களில் ஒருவர், "பிடிக்கிற பையன் யாரும் இல்லையா சார்? ரைடர் நூறு பேர் வந்திருக்கான்" என்றார். இல்லை என்று சொன்னேன். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அந்த நேரத்தில் அவன் நினைவே எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் போன பிறகு பரணில் கிடந்த என் பழைய ஸ்கோர் நோட்டுகளை இறக்கினேன். கரையான் மிச்சம் வைத்தது மூன்று. 1996 நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரைடர் பெயரும் புள்ளியும் தனித்தனியாக, சிவப்பு மையில் கோடெல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். பிடிக்கு ஒரே ஒரு வரி: "அணி". அந்தக் கடைசி ஆட்டத்தில் நம் ரைடர்கள் எடுத்தது 11, "அணி" எடுத்தது 14. அந்தப் பதினாலில் அவன் பிடித்தது எத்தனை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நோட்டின் முதல் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் பட்டியல் இருக்கிறது. உடம்பு பெருத்தவன் பெயர்தான் அதில் இருக்கிறது. இவன் பெயரைச் சேர்க்கவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஐப்பசி மழையில் கரிசல் செருப்போடு ஒட்டி வருகிறது, காலை எடுத்து வைக்க முடியவில்லை. நாலு பையன்களோடு ஓரத்தில் மணல் கொட்டின இடத்தில் கணுக்கால் பிடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தான்.

"இதெல்லாம் இன்னும் வச்சிருக்கீகளா சார்" என்றான். பிறகு, "பதினாலா? எனக்குப் பன்னெண்டுன்னு ஞாபகம்" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் துணிப்பையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வாய் வரவில்லை.

ஆகவே தம்பிகளா, பஞ்சாயத்துத் தீர்ப்பு இது. வெளியூர் ரைடர் வேண்டாம். பொங்கலுக்கு முந்தின வாரம் ஆள் குறைந்தால் ஒருவனைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசில் முதலில் மூன்று டிராக்டர் செம்மண், இரண்டு டிராக்டர் மணல் அடியுங்கள். மழைக்காலத்தில் கரிசலில் விழுந்து பிடி பழக முடியாது. ஆளுக்கு ஒரு முழங்கால் உறை, நல்லதாக வாங்குங்கள். ஒரு டிராக்டர் மண் என் கணக்கு. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வராமல் இருக்கிறவர்கள் நாளை சாயங்காலம் அஞ்சரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். நானும் வருவேன். பொங்கல் போட்டிக்கு ஸ்கோர் நான் எழுதுகிறேன். ஒவ்வொரு பிடிக்கும் யார் பிடித்தான், யார் மேலே விழுந்தான் என்று பெயர் கேட்பேன், உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும், எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என் நாற்காலியை மைக் பக்கம் போடாதீர்கள். இடது கார்னர் பக்கம் போடுங்கள்.